வேலூர்ப் பக்கம் வாசிக்கப் போகும் நாயன செட்டுக்கு: மாலை அழைப்பு முதல் மறுநாள் சாமி புறப்பாடு வரை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள், அதாவது பழைய வட ஆற்காடு, சித்திரையிலும் வைகாசியிலும் மேளக்காரர்களுக்கு ஓய்வு கொடுக்காது. முகூர்த்த நாளும் திருவிழாவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வெயிலும் அப்போதுதான் உச்சம். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே புதிதில்லை. மாலையில் மாப்பிள்ளை அழைப்பு, விடியலில் முகூர்த்தம், அன்று சாயங்காலமே பக்கத்து ஊரில் சாமி புறப்பாடு என்று ஒரே நாளுக்குள் மூன்று வாசிப்பு வருவது சாதாரணம்.

இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு காற்றில் நடக்கின்றன: ஏசி மண்டபம், விடியற்காலைக் குளிர்ச்சி, தார் ரோட்டுச் சூடு. நாயனத்தின் சுருதியும் தவிலின் தோலும் மூன்று இடத்திலும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். அதற்குத் தயாராகிப் போகிற செட்டுக்கு மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். இங்கே சொல்வது இரண்டு நாயனம் (நாதஸ்வரம்), இரண்டு தவில், சுருதிப்பெட்டியும் தாளமும் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று ஐந்து பேர் போகிற செட்டுக்கு.

போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

தேதியும் தொகையும் மட்டும் பேசி வைத்துவிட்டால் போய்ச் சேர்ந்த பிறகு தகராறுதான். முகூர்த்தம் 4.30–6 மணியா, 6–7.30 மணியா, மண்டபம் ஏசியா, அழைப்பு தெருவில் எவ்வளவு தூரம், படுக்க அறை உண்டா, மறுநாள் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதையெல்லாம் அட்வான்ஸ் வாங்கும் முன்பே கேளுங்கள். பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் நாலு வரியாக எழுதி அனுப்பிவிடுங்கள். தொகை, பேட்டா, வண்டி வாடகை மூன்றும் தனித்தனி வரியில் இருக்கட்டும்.

இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு கேள்வி உண்டு. காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் கல்யாணத்தில் முகூர்த்த நேரம் என்பது தாலி கட்டும் நேரம் மட்டுமல்ல. மணமக்களுக்கு நடுவே திரை பிடித்து, ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை வைக்கிறார்களே, அந்த நிமிஷம்தான் அவர்களுக்கு முகூர்த்தம். அங்கேயும் கெட்டிமேளம் வேண்டும். தாலி வரும் என்று காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் முக்கியமான இடம் கைவிட்டுப் போய்விடும். பெண் வீடு, பிள்ளை வீடு இரண்டு பக்க வழக்கத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது. சில வீடுகளில் இரண்டும் கலந்து நடக்கும்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

ஒரு நாயனத்துக்குக் குறைந்தது 6 சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு). அதில் 2 நன்றாகப் பழகியவை, 2 பாதி பழகியவை, 2 புதியவை. பழகிய சீவாளி லேசாகப் பேசும்; ஏசி மண்டபத்துக்கும் மெதுவான வாசிப்புக்கும் அது. பாதி பழகியது தெருவுக்கு. கொஞ்சம் தடிமனாக இருப்பதால் நெடுநேரம் அழுத்தி ஊதினாலும் வாய் மூடிக்கொள்ளாது. புதியதை அன்றைக்கே முதல்முதலாக எடுத்து வாசிக்கக் கூடாது. அது அவசரத்துக்கு மட்டும். ஈரச் சீவாளியைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்று புகும்படி துளையிட்ட மரப்பெட்டியோ பருத்தித் துணிப் பையோ போதும்.

கூடவே சீவாளியின் வாயைத் திறக்கும் குத்தூசி, சீவாளியைக் குழலில் பொருத்தும் கெண்டை ஒன்று உபரி, சீவாளி கட்டும் நூல் ஒரு கண்டு, தேன்மெழுகு ஒரு சுண்டைக்காய் அளவு, உலவுக்குள், அதாவது நாயனத்தின் மரக்குழலுக்குள், இழுத்துத் துடைக்க நீளமான பழைய வேட்டித் துணி.

தவிலுக்கு: வலந்தலைக்கு, அதாவது வலப்பக்க முகத்துக்கு, தோல் கட்டிய வளையம் ஒன்று உபரியாக, நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் இரண்டு (ஒன்று தொலைந்தே போகும்), கழி இரண்டு, விரல் கூடு இரண்டு ஜோடி. கூடு வியர்வையில் ஊறி இளகும். மாலையில் போட்ட ஜோடி விடியலுக்குள் காயாது, அதனால்தான் இரண்டு. தோளில் மாட்டும் பட்டையின் தையலைக் கிளம்பும் முன் இழுத்துப் பாருங்கள். பத்து கிலோவுக்கு மேல் கனக்கிற வாத்தியம் ஊர்வலத்தில் கழன்று விழுந்தால் கால் விரலும் போகும், தவிலும் போகும்.

சுருதிப்பெட்டிக்குச் சார்ஜரும் வேண்டும், பேட்டரியும் வேண்டும். தெருவில் பிளக் பாயிண்ட் கிடையாது.

வண்டியில்

கும்பகோணம், திருவண்ணாமலை வழியாக ரயிலில் வருகிறவர்கள் வேலூர் கன்டோன்மென்டில் இறங்கலாம். சென்னை, பெங்களூரு வழியாக வந்தால் காட்பாடி ஜங்ஷன். அது பாலாற்றுக்கு அந்தப் பக்கம். முகூர்த்த நாள் மாலையில் பாலத்தில் வண்டி நகராது. ஊருக்குள் வர ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

காரில் வந்தால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வாத்தியத்தை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. கண்ணாடி மூடிய வண்டிக்குள் சூடு வெளியை விட வெகுவேகமாக ஏறும். உலவின் கீழே உள்ள 5 துளைகளில் சிலவற்றை மெழுகு வைத்து அடைத்துத்தானே சுருதி சரிசெய்திருக்கிறோம்? மெழுகு இளகி நகர்ந்தால் கீழ் ஸ்வரங்கள் நிலைகுலையும், மேல் ஸ்வரங்கள் சரியாகவே இருக்கும். அதனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் ஆளாளுக்குச் சீவாளியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீழ்ப்பக்கம் மட்டும் பிசகினால் முதலில் மெழுகைப் பாருங்கள்.

தவிலும் அப்படித்தான். வலந்தலைத் தோல் வறண்ட சூட்டில் இறுகும். ஏற்கெனவே முறுக்கி வைத்ததாக இருந்தால் ஓரத்தில் கிழியும். பயணத்துக்கு முன் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, துணி உறை போட்டு, டிக்கியில் வைக்காமல் ஆள் உட்காரும் பகுதியிலேயே வையுங்கள்.

மாலை: மண்டபமும் தெருவும்

அழைப்பு 6.30 என்றால் 5 மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும். முதல் அரைமணி நேரம் வாத்தியங்களை உறையிலிருந்து எடுத்து, வாசிக்கப்போகிற இடத்துக் காற்றில் சும்மா வையுங்கள். அதன் பிறகுதான் சுருதி சேர்ப்பது. ரோட்டிலிருந்து வந்த கையோடு ஏசிக்குள் சேர்த்த சுருதி இருபது நிமிஷத்தில் கலையும்.

காற்றின் வெப்பம் 1 டிகிரி ஏறினால் குழல் வாத்தியத்தின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். சென்ட் என்பது சுருதி வித்தியாசத்தை அளக்கும் அலகு. ஆர்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளுக்கு (2, 2½ போல) நடுவே இருப்பது 100 சென்ட். மண்டபத்தில் 24 டிகிரி, தெருவில் 36 டிகிரி என்றால் 12 டிகிரி வித்தியாசம். கணக்குப்படி 36 சென்ட். ஊதுகிற மூச்சின் சூடு குழலுக்குள் இருப்பதால் முழுதாக அவ்வளவு ஏறாது. ஆனாலும் காதுக்கு உறுத்துகிற அளவு ஏறும். இன்று பெரும்பாலோர் வாசிப்பது நீளமான பாரி நாயனம், 2 அல்லது 2½ கட்டை. மண்டபத்தில் 2 கட்டைக்குச் சரியாக நின்றது வாசலுக்கு வந்ததும் சுருதிப்பெட்டிக்கு மேலே போய் நிற்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கெண்டையின் அடியில் சுற்றியிருக்கும் நூலை ஒன்றிரண்டு சுற்று கூட்டுங்கள். கெண்டை சில மில்லிமீட்டர் வெளியே நிற்கும், குழலின் நீளம் கூடும், சுருதி இறங்கும். குளிரில் இதற்கு நேர்மாறு: நூலைக் குறைத்து உள்ளே தள்ள வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கெண்டையை வெளியே இழுத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே அளவு இறங்காது. மேல் துளைகளில் பிறக்கும் ஸ்வரங்கள் கூடுதலாக இறங்கும், கீழே உள்ளவை குறைவாக இறங்கும். ஆகவே பாதியை நூலில் சரிசெய்து, மீதிக்குச் சுருதிப்பெட்டியின் நுண் திருகைச் சற்று ஏற்றி, கடைசி மயிரிழையை உதட்டில் பிடிப்பதுதான் முறை. முழுவதையும் உதட்டால் இழுத்துப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் வாய் ஓய்ந்துவிடும். விடியலில் முகூர்த்தம் பாக்கி இருக்கிறதே.

இரண்டு நாயனமும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ஒருவர் பத்து நிமிஷம் ஊதிச் சூடேற்றியிருக்க, இன்னொருவர் அப்போதுதான் எடுத்தால் சேராது. சேர்ந்தே எடுங்கள், தாழ்ந்த ஷட்ஜத்தில் நீளமாக ஊதிக் குழலைப் பழக்குங்கள், கடைசியில் சுருதிப்பெட்டியை நாயனத்துக்குச் சேருங்கள்.

தவிலில் நட்டு முறுக்கும்போது ஒரே பக்கமாகச் சுற்றி வராமல் எதிரெதிர் நட்டாகக் கால் சுற்றுக் கால் சுற்று ஏற்றுங்கள். ஒரு பக்கமாக ஏற்றினால் வளையம் சாயும். ஒரே தோலில் இரண்டு நாதம் கேட்கும். வறண்ட காற்றில் இறுகியதை மேலும் முறுக்க வேண்டியிருக்காது. கோடை மழை பெய்து ஓய்ந்த மாலைதான் சோதனை. ஈரக் காற்றில் தோல் தொய்ந்து நாதம் மழுங்கும். அன்றைக்கு ஸ்பேனர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

மண்டபத்துக்குள் மைக் விஷயம்: நாயனத்துக்கு அணசு (குழலின் அடியில் விரிந்திருக்கும் பகுதி) வாயிலேயே மைக்கை நீட்டுவார்கள். சீறல்தான் வரும். 3 அடி தள்ளி, அணசுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் மேலே வைக்கச் சொல்லுங்கள். எக்கோவை முழுதாக நிறுத்தச் சொல்லுங்கள். பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவருமாக இருக்கிற மண்டபத்தில் ஏற்கெனவே எதிரொலி போதுமான அளவு உண்டு. சின்ன மண்டபமாக இருந்தால் மைக்கே வேண்டாம்.

வரவேற்பில் ஹம்சத்வனி, மோகனம், கல்யாணி என்று சுருக்கமாக, பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்றாக வாசித்தால் போதும். சினிமாப் பாட்டு கேட்பார்கள். மறுக்க வேண்டியதில்லை, ஆனால் தயார் செய்யாத பாட்டைத் தடவித் தடவி வாசிப்பதைவிட, தெரிந்த ஐந்தாறு பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. முகாரியைக் கல்யாண வீட்டில் எடுப்பதில்லை.

இரவு 10 மணிக்கு மேல், காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. அழைப்பு தாமதமானால் மைக் இல்லாமல்தான் தெருவில் வர வேண்டியிருக்கும் என்று வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ராத்திரியும் விடியலும்

சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். 4.30 முகூர்த்தத்துக்கு 2.45-க்கு எழுந்தால்தான் முடியும். ஆகவே 10.30-க்கு மேல் அறையில் பேச்சு வேண்டாம். ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கும்படி படுத்தால் காலையில் உதடு வறண்டு வெடித்திருக்கும்.

எழுந்ததும் சீவாளியைத் தண்ணீரில் நனைத்து வாயில் வைத்துக் குழைய விடுங்கள். ராத்திரி ஏசியில் காய்ந்து வாய் சுருங்கியிருக்கும். குத்தூசியை உள்ளே விட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். காய்ந்திருக்கும்போதே ஊசி விட்டால் விளிம்பு பிளந்துவிடும். ஈரமாக்கி ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ஊசி.

3.45-க்கு மணவறைப் பக்கம் உட்கார்ந்துவிடுங்கள். இடம் பிடிப்பதுதான் இதில் பாதி வேலை. புரோகிதரின் வலது கை, உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிய வேண்டும். வீடியோக்காரர்கள் மூன்று பேர் வந்து நின்றுவிட்டால் எதுவும் தெரியாது. அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே புரோகிதரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: “சாமி, கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கிக் காட்டிடுங்க, நாங்க உங்க கையைத்தான் பார்த்துகினு இருப்போம்.” அவர் கூட்டத்துக்கு மேலே கையை உயர்த்துவார்.

கையைக் கவனிக்கும் வேலை மூத்த தவில்காரர் ஒருவருக்கு மட்டும். நாயனக்காரர்கள் அவரைப் பார்த்தால் போதும். எல்லோரும் மணவறையையே பார்த்துக்கொண்டிருந்தால், பின்வரிசையிலிருந்து ஒரு மாமா ஆர்வத்தில் “கெட்டிமேளம்” என்று குரல் கொடுத்ததுமே பாதிப் பேர் தொடங்கிவிடுவார்கள். தாலி இன்னும் தட்டிலேயே இருக்கும். தவறாகத் தொடங்கிவிட்டால் டக்கென்று நிறுத்த வேண்டாம். அது இன்னும் அசிங்கமாகத் தெரியும். வேகத்தைக் குறைத்து, வாசித்துக்கொண்டிருந்த ராகத்திலேயே நாலு அடி நடத்திவிட்டு, சைகை வந்ததும் மறுபடி ஏறுங்கள்.

கெட்டிமேளத்துக்கு முன்னால் பூபாளம், பௌளி, மலயமாருதம் எல்லாம் அழகு. ஆனால் நீண்ட ஆலாபனை வேண்டாம். எந்த நொடியிலும் மேல் ஷட்ஜத்துக்குப் போகத் தோதான இடத்தில் சுற்றிக்கொண்டிருங்கள். மாலை மாற்றும்போது, கூறைப் புடவை வாங்கும்போது, மூன்றாவது முடிச்சு விழும்வரை, அம்மி மிதிக்கும்போது என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக மேளம் உண்டு. ஊஞ்சல் இருந்தால் ஆனந்தபைரவியோ நீலாம்பரியோ. தாலி ஆனதும் கூட்டம் பந்திக்கு ஓடும். மேளக்காரர்களுக்குக் கடைசிப் பந்தியில் சோறு தீர்ந்துபோவது ஊரறிந்த கதை. முதல் பந்தியிலேயே இரண்டு பேர், அடுத்ததில் மூன்று பேர் என்று சமையல் மேஸ்திரியிடம் முதல் நாள் ராத்திரியே சொல்லி வையுங்கள். முள்ளு கத்திரிக்காய் போட்ட குழம்பு இருந்தால் விடக் கூடாது. வேலூருக்கே உரிய காய் அது, புவிசார் குறியீடும் பெற்றது.

பாக்கித் தொகையைத் தாம்பூலத்தோடு சேர்த்து, வாத்தியத்தை உறையில் போடும் முன் வாங்கிவிடுங்கள். மண்டபம் காலி செய்யும் பரபரப்பு ஆரம்பித்தால் பணம் வைத்திருக்கிறவரைக் கண்டுபிடிக்க முடியாது.

பகல்

11 மணியிலிருந்து 4 மணி வரை எதுவும் செய்யாமல் இருப்பதுதான் பகல் வேலை. குறைந்தது மூன்று மணி நேரத் தூக்கம். வியர்த்துக் கொட்டியிருந்தால் வெறும் தண்ணீர் போதாது. 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, ½ டீஸ்பூன் உப்பு கரைத்து, ஆளுக்கு ஒரு பாட்டிலாக மாலைக்குள் குடித்து முடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மோர் நல்லது. ஐஸ் தண்ணீர் வேண்டாம். சாயங்காலம் கோயில் வாசிப்பு இருப்பதால், ஆம்பூர் வழியாகப் போனாலும் அன்றைக்குப் பிரியாணி கிடையாது.

நேற்று மாட்டிய சீவாளியை நிழலில் காயப் போடுங்கள். உலவுக்குள் துணியை இரண்டு தடவை இழுங்கள். கூடுகளைக் கவிழ்த்து வையுங்கள்.

சாயங்காலம்: சாமி புறப்பாடு

கல்யாணத்தில் செட்டு உட்கார்ந்து வாசிக்கிறது, இங்கே நடந்து வாசிக்கிறது. தவில் பட்டையைக் கல்யாணத்துக்கு இருந்ததைவிட இரண்டு விரற்கடை ஏற்றிக் கட்டுங்கள். தாழ்ந்து தொங்கினால் முழங்காலில் இடிக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

சாமி எழுந்தருளும்போது தவிலில் தொடக்க வாசிப்பான அலாரிப்பு, பிறகு கம்பீர நாட்டை ராகம், அதில் சாமி புறப்பாட்டுக்கான மல்லாரி. இந்த வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்ற வேண்டாம். உபயதாரர் சினிமாப் பாட்டு கேட்டாலும் முதல் வீதி தாண்டிய பிறகுதான் என்று பணிவாகச் சொல்லிவிடலாம். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. காலம் மாற்றி வாசிப்பதில்தான் அதன் கம்பீரம். சாமி தூக்குகிறவர்களின் நடை பார்த்துக் காலம் பிடியுங்கள். மேளம் வேகமெடுத்தால் தோள் கொடுப்பவர்களும் வேகமெடுப்பார்கள், மேட்டில் மூச்சு வாங்கும்.

செருப்பில்லாமல் நடக்க வேண்டும். மே மாதம் 6 மணிக்கும் தார் சுடும். வீதியில் தண்ணீர் அடிக்க ஏற்பாடு உண்டா என்று கோயிலில் கேளுங்கள். இல்லையென்றால் 7 மணிக்கு மேல் புறப்பட முடியுமா என்று பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், தூக்குகிறவர்களுக்கும் அதே கால்தான்.

வட ஆற்காட்டு அம்மன் திருவிழா என்றால் பம்பை இல்லாமல் இருக்காது. பம்பையும் உடுக்கையும் சிலம்புமாக ஒரு செட்டு, பேண்டு ஒரு செட்டு, நடுவில் நாயனம். மூன்றும் ஒன்றாக ஒலித்தால் எதுவும் சாமிக்குப் போய்ச் சேராது. புறப்படும் முன் பம்பைக்காரர்களிடம் போய், “அண்ணே, முக்குக்கு முக்கு மாத்தி மாத்தி வாசிச்சிக்கலாம்” என்று பேசி வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் மூச்சு மிஞ்சும். நடுவே 40 அடியாவது இடைவெளி விடுங்கள். வாணம் வெடிக்கும் இடத்தில் தவிலைத் திருப்பி முதுகு காட்டி நில்லுங்கள். ஒரு பொறி போதும் தோலுக்கு.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. வேலூர் புஷ்பப் பல்லக்கு சித்ரா பௌர்ணமி ராத்திரி. இந்த இரண்டுக்கும் கூட்டம் வேறு மாதிரி, வாத்தியத்தைத் தரையில் இறக்கவே இடம் இருக்காது. அதற்குப் போகிற செட்டு, தவிலுக்கு மாற்றாள் ஒருவரைச் சேர்த்து ஆறு பேராகப் போவது நல்லது. புஷ்பப் பல்லக்குக்கு முந்தின நாள் எந்தக் கல்யாணமும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ராத்திரி முழுக்க நிற்க வேண்டியிருக்கும், தோடியைத் தோடியாக வாசிக்க உடம்பில் தெம்பு வேண்டும். வளர்ந்து வரும் பிள்ளைகளின் ஆலாபனையைப் பெரியவர்கள் நின்று கேட்கிற ராத்திரி அது. காசுக்காக அரை உயிரோடு போய் நிற்பது நியாயமில்லை.

சாமி இருப்பிடம் சேர்ந்ததும், பள்ளியறை உண்டென்றால் நீலாம்பரி வாசித்து முடியுங்கள். பிறகு நட்டைத் தளர்த்தி, உலவைத் துடைத்து, சீவாளியைக் கழற்றித் தனியாக வைத்த பிறகுதான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். எந்தச் சீவாளி தெருவில் நின்றது, எது சோர்ந்தது என்று பெட்டியின் மூடிக்குள் தேதியோடு குறித்துவிடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு எத்தனை புதுச் சீவாளி சொல்லி வைக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பைப் பார்த்தாலே தெரியும்.